என் பெயரில் விற்ற மருந்து

1

பொங்கல் விழாவுக்காக, ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற ஊரின் தமிழ்ச் சங்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. பிள்ளைகள் கும்மியடித்து முடித்திருந்தார்கள். நான் சர்க்கரைப் பொங்கல் தட்டோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், முன்பின் பழக்கமில்லாதவர், சிரித்தபடி பக்கத்தில் வந்து தன் போனை என் பக்கம் திருப்பினார். திரையில் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, இது நீங்கள்தானே? அம்மாக்கு வாயில ஒரு புண், கன நாளா மாறேல்ல. இந்த மருந்தை எங்க வாங்கலாம்?"

அது மருந்தில்லை என்றேன். அம்மாவை நாளைக்கே டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னேன். மெதுவாகத்தான் தொடங்கினேன். முடிக்கும்போது கூடத்தில் பாதிப்பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் போனை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் மகள் மதுரா காரின் பின்னிருக்கையிலிருந்து, நான் போகிற இடமெல்லாம் பைத்தியம் மாதிரி கத்துவதாகச் சொன்னாள். ஜெர்மனில்தான் சொன்னாள். இந்த மொழி எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் அவள் கோபமாகப் பேசினால் மட்டும் ஒரு சொல் தவறாமல் புரிந்துவிடுகிறது.

என் அக்காவுக்குத் தாடையில் அறுவை நடந்து அந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து இதைப் படிக்கிற உங்கள் போனுக்கும் அந்த வீடியோ வந்திருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

2

நான் வேலை பார்ப்பது ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில். காலையில் டிராமில் போய் இறங்கி, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டால், ஐஸ் பெட்டி காத்திருக்கும். அதற்குள் சின்னச் சின்னக் குப்பிகள். வாய்ப் புற்றுக்கு அறுவை செய்துகொண்டவர்களின் திசு. கட்டியிலிருந்து ஒரு துணுக்கு, அதற்குச் சற்றுத் தள்ளி நல்லதாகத் தெரிகிற இடத்திலிருந்து ஒரு துணுக்கு. பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அரைத்து, சுழற்றி, மேலே தெளியும் நீரில் மூன்று நொதிகள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளப்பேன். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டதயோன் பெராக்சிடேஸ். பெயர்கள் வாயில் நுழையாது. வேலை எளிமையானது. உடம்பின் ஒவ்வொரு செல்லும் உயிரோடு இருக்க ஆக்சிஜனை எரிக்கிறது. அப்படி எரிக்கும்போது தீங்கான கழிவு உண்டாகிறது. அதை அவ்வப்போது அப்புறப்படுத்துபவை இந்த நொதிகள்.

எங்களிடம் வருகிற கட்டிகளில் இவை பெரும்பாலும் குறைந்திருக்கின்றன. கூடியிருப்பதாகச் சொல்லும் ஆய்வகங்களும் உண்டு. இன்னும் தீராத கேள்வி அது. எந்தக் கட்டி வேகமாகப் பரவும், எது திரும்ப வரும் என்பதை இந்த அளவுகளைக் கொண்டு முன்கூட்டியே சொல்ல முடியுமா என்றுதான் பார்க்கிறோம். அவை ஓர் அடையாளம், அவ்வளவுதான். காய்ச்சல்காரனின் நெற்றிச் சூடு மாதிரி. நெற்றியில் ஐஸை வைத்தால் டைபாய்டு போய்விடாது.

இதைத்தான் கொடைக்கானலில் பேசினேன்.

3

நான் படித்த பள்ளியில் பழைய மாணவர் கூட்டம். ஊருக்குப் போயிருந்த சமயம் அழைத்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் பள்ளியில் எனக்கு முன்னால் படித்தவர், வேலை பார்த்தது வேறு பள்ளியில், எனக்குப் பாடம் எடுத்தவரில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் ஹெச்.எம். சார். பெயரை எழுதப்போவதில்லை.

கேட்க வந்திருந்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியட்டுமே என்று புகைபோக்கியை உதாரணம் சொன்னேன். அந்த ஊரில் பழைய பங்களாக்களின் கூரைகளில் எல்லாம் புகைபோக்கி நிற்கும். உள்ளே கணப்பு எரிந்தால் புகை வரத்தான் செய்யும். புகைபோக்கி இருந்தால் வெளியே போய்விடும். இந்த நொதிகள் புகைபோக்கி. வாய்ப் புற்று வந்த திசுவில் புகைபோக்கி அடைத்துக்கிடக்கிறது என்றேன். அடுத்த வாக்கியத்தில், அதற்காகச் செங்கல் தூளை வாங்கி விழுங்கினால் புகைபோக்கி சரியாகிவிடாது, வாயில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், வெற்றிலையோடு போடுகிற புகையிலையை விடுங்கள் என்றேன். கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள்.

வீடியோவில் அந்த அடுத்த வாக்கியம் இல்லை. "புகைபோக்கி அடைத்துக்கிடக்கிறது" என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் திரையில் ஊதா நிறப் பாட்டில் ஒன்று வந்து நிற்கும். ஆன்டிஆக்சிடன்ட் அமிர்தம். அடைப்பை நீக்கும் என்று ஒரு பெண் குரல் சொல்லும். கீழே என் பெயர், அதற்கு முன்னால் டாக்டர், பின்னால் ஜெர்மனி.

4

அக்கா பெயர் ராசாத்தி. எங்கள் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொடைக்கானல் மலைக்கு வந்து குடியேறியவர்கள். அக்கா அங்கே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள், நான் மலையில் பிறந்தவள். அவள் இன்றைக்கும் டீயைத் தேத்தண்ணி என்றுதான் சொல்வாள். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தவள் அவள்தான். பூம்பாறையில் அடுத்தவர் காட்டில் பூண்டு பிடுங்கி, கேரட் கழுவி என்னைப் படிக்க வைத்தாள். குளிருக்கும் அசதிக்கும் அவளுக்கு வெற்றிலை புகையிலைதான் துணை. கன்னத்தின் இடது ஓரத்தில் எப்போதும் ஒரு உருண்டை அடங்கியிருக்கும். விடச் சொல்லி ஒவ்வொரு முறையும் கெஞ்சியிருக்கிறேன். "நீ ஒன் சோலியப் பாரு" என்பாள்.

அறுவைக்கு முந்தைய மழைக்காலத்தில் வீடியோ அழைப்பில் அவள் முகம் சரியாகத் தெரிவதில்லை. காதைச் சுற்றி மப்ளர், வாய் வரை இறங்கியிருக்கும். குளிர் என்பாள். பேச்சு குறைந்தது. ஒருநாள் போனைச் செல்வி எடுத்தாள். செல்வி அக்காவின் மகள், கொடைக்கானலில் ஒரு விடுதியில் வரவேற்பில் இருக்கிறாள். அம்மாவால் சோறு மெல்ல முடியவில்லை, கஞ்சிதான் என்றாள். எவ்வளவு நாளாக என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன மருந்தத்தான் சித்தி குடுத்துட்டு இருக்கோம். ரெண்டு வேளையும் தவறாம குடிக்குது."

நான் எந்த மருந்தைச் சொன்னேன் என்று கேட்டேன். அவள் அந்த வீடியோவை எனக்கே அனுப்பினாள்.

முதலில் கன்னத்தின் உட்புறம் வெறும் வெள்ளைத் திட்டாக இருந்ததாம். செல்வி பல் டாக்டரிடம் கூப்பிட்டிருக்கிறாள். அக்கா மறுத்திருக்கிறாள். என் தங்கச்சி வெளிநாட்டில் இதற்காகவே படித்தவள், அவளே சொல்லியிருக்கிறாள், அதற்கு மேல் எந்த டாக்டர் என்று கேட்டிருக்கிறாள். என்னிடம் சொல்லாததற்குக் காரணமும் அதுதான். எனக்குத்தான் தெரியுமே, நான்தானே மருந்தே சொன்னேன், எதற்கு என்னைக் கவலைப்படுத்த வேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

தினமும் முன்பின் தெரியாதவர்களின் வாய்த்திசுவை அளந்துகொண்டிருந்தேன். அதே மாதங்களில் அக்காவின் வாயில் திட்டு புண்ணாகி, புண் கட்டியாகிக்கொண்டிருந்தது. அதற்கு என் முகம் காவல். இதை நினைக்கும்போது எனக்கு அழுகை வரவில்லை. இன்றைக்கும் வருவதில்லை. பல்லைக் கடிக்கிறேன், அவ்வளவுதான்.

5

உடனே கிளம்ப முடியவில்லை. என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதியதற்கு விண்ணப்பித்துக் காத்திருந்த நேரம். நாட்டைவிட்டுப் போய்த் திரும்ப வர ஒரு தற்காலிகத் தாள் வேண்டும். அதற்கு முன்பதிவு வேண்டும். இணையத்தில் முன்பதிவுக்கு இடமே இல்லை. நேரில் போய் நின்றேன். அவசரமென்றால் காரணம் சொல்லச் சொன்னார் அந்த அதிகாரி. உடன்பிறந்தவளுக்கு உடம்பு சரியில்லை என்றேன். பெற்றோர், துணைவர், பிள்ளை என்றால்தான் அவசரமாம்.

ஜெர்மனில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே சொல். அக்கா என்றால் என்னவென்று அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று எப்படிச் சொல்வது? அம்மா மாதிரி இருக்கிற அக்கா என்று சொல்ல நினைத்து, அம்மாவுக்கான சொல்லையும் சகோதரிக்கான சொல்லையும் சேர்த்து ஒட்டினேன். இந்த மொழியில் அதற்கு அம்மாவின் சகோதரி என்று பொருள். அதிகாரி தலையசைத்து, அப்படியானால் இன்னும் தூரத்து உறவு என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இங்கே எல்லோரும் மரியாதையாகத்தான் கதவைச் சாத்துவார்கள்.

ஆய்வகத்திலும் அதே கதைதான். சகோதரிக்காகச் சிறப்பு விடுப்பு கிடையாது. என் பேராசிரியர் மட்டும் தன் பொறுப்பில் அனுப்பிவைத்தார். தாள் கையில் கிடைத்துக் கிளம்பும் வரை தினமும் ஐஸ் பெட்டியைத் திறந்துகொண்டுதான் இருந்தேன்.

6

பூம்பாறையில் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் மப்ளரைக் கழற்றச் சொன்னேன். அக்கா மறுத்தாள். நானே கழற்றினேன். இடது கன்னம் வீங்கி, தோல் பளபளத்துக் கிடந்தது.

"அக்கா, வாயத் தெற."

விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. உள்ளே பார்த்தேன். அலமாரியில் ஊதா பாட்டில்கள் வரிசையாக இருந்தன. எடுத்துப்போய்க் கொல்லையில் கவிழ்த்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "நீ குடுத்ததுதான, எதுக்கு ஊத்துற?" என்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை என்பதை அவளுக்குப் புரியவைக்க அன்று மாலை வரை ஆனது. புரிந்ததும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இளம் டாக்டர் ஒருவர் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். புகை பிடிப்பீங்களா? அக்கா தலையை ஆட்டினாள், இல்லை. மது? இல்லை. வேறு கெட்ட பழக்கம்? அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. இல்லை. அவர் பழக்கம் எதுவுமில்லை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நான் குறுக்கிட்டு, வெற்றிலையோடு புகையிலை போடுவாள், முப்பது வருடத்துக்கு மேல் என்றேன். அக்கா என்னை முறைத்தாள்.

"அது பழக்கமா? அது சோறு தண்ணி மாதிரி."

மதுராவும் இதே தவறைத்தான் செய்தாள். பெரியம்மாவுக்குப் புகையிலையால் வந்தது என்று போனில் சொன்னபோது, பெரியம்மா சிகரெட் பிடிப்பாங்களா என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. அந்தச் சொல்லுக்குள் புகை இருக்கிறது, அவள் வெளிநாட்டில் பிறந்த பிள்ளை. இந்த டாக்டர் மதுரைக்காரர். வாயில் ஒதுக்குகிற ஊரில் நின்றுகொண்டு ஊதுவீங்களா என்று மட்டும் கேட்டால் எப்படி?

அறுவை பத்து மணி நேரத்துக்கு மேல் நடந்தது. இடது தாடையை எடுத்துவிட்டார்கள். நெஞ்சுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து கன்னத்தை மூடினார்கள். பிறகு கதிர்வீச்சு. திட்டாக இருந்தபோதே வந்திருந்தால் சின்னதாக வெட்டி எடுத்து ஒரு தையல் போட்டு அனுப்பியிருப்போம் என்றார் அறுவை செய்தவர். என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவர் போனுக்கும் அந்த வீடியோ வந்திருந்தது. அதில் பேசுபவள் நான்தான் என்று அவருக்கு அப்போது தெரியாது. நானே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, போய்ப் புகார் கொடுங்கள் என்றார்.

7

முதலில், அந்த வீடியோவைப் போட்டுப் பாட்டில் விற்றுக்கொண்டிருந்த ஹெச்.எம். சார் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். மேசையில் அவர்கள் இருவருக்கும் தனித்தனியாக ஊதா பாட்டில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் கூடியது. ஏமாற்றுக்காரன் என்று திட்டிவிட்டு வந்துவிடலாம் என்று போயிருந்தேன். அவர் நம்பிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் நிலையைச் சொன்னேன். வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "நீங்க சொன்னதத்தானம்மா நான் போட்டேன்" என்றார்.

"பாதியத்தான போட்டீங்க சார். மீதியில என்ன சொன்னேன்?"

"முழுசாப் போட்டா ஜனங்க பாக்கமாட்டாங்கம்மா."

வீடியோவை எடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அவர் பக்கத்தில் எடுத்தும் விட்டார். அதற்குள் அது யார் யார் கைக்கோ போய்விட்டிருந்தது. பாட்டில் விற்பதை நிறுத்துவதாக மட்டும் அவர் சொல்லவில்லை. அக்கா தாமதமாக ஆரம்பித்ததுதான் பிரச்சினை என்று அவர் நினைத்தார்.

புகார் கொடுக்கப் போன இடத்தில், இது உணவுப் பொருள் சம்பந்தப்பட்டது என்று வேறோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, லேபிளில் நோய் தீரும் என்று ஒரு வரிகூட இல்லையே, சொன்னதெல்லாம் வீடியோதானே என்று இன்னோர் இடத்துக்கு அனுப்பினார்கள். மலையிறங்கித் திண்டுக்கல் வரை போனேன். அங்கே இருந்தவர் வீடியோவை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல பேசுறது நீங்கதான? நீங்க பேசுனதுக்கு நீங்களே புகார் குடுக்குறீங்களா?"

அந்த அறையில் நான் கத்தியதை மதுரா கேட்டிருந்தால் காரில் சொன்னதைவிட அதிகமாகவே சொல்லியிருப்பாள்.

8

அதே வருடம் மே மாதம் மறுபடி போனேன். மதுரா வரவில்லை. பெரியம்மா பேசுவது புரியவில்லை, பார்க்கவும் பயமாக இருக்கிறது என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பொய் சொல்லாமல் இருந்தாளே என்று விட்டுவிட்டேன்.

அக்கா இளைத்திருந்தாள். வாய் ஓரத்தில் எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். துண்டால் ஒற்றிக்கொண்டே இருப்பாள். பேச்சு காற்றும் குழறலுமாக வரும். பழகியவர்களுக்கு மட்டும்தான் விளங்கும். ஒருநாள், நாளைக்கு வெள்ளனே டவுனுக்குப் போகணும் என்றாள். செக்கப் போலிருக்கிறது என்று நினைத்தேன். முதல் பஸ்ஸில் ஏறினோம். செல்வி பஸ் நிலையத்தில் காத்திருந்தாள். அக்கா எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு மூஞ்சிக்கல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நடந்தாள். வாசலில் ஊதா நிறப் பேனர் கட்டியிருந்தது. செல்வியைப் பார்த்தேன். அம்மாதான் கூட்டம் எங்க, எப்பன்னு விசாரிச்சு வைக்கச் சொன்னுச்சு என்றாள்.

கூட்டம் நிறைந்திருந்தது. பூண்டி, வடகவுஞ்சி, பூம்பாறை என்று சுற்றுக் கிராமங்களிலிருந்து காட்டுவேலைக்குப் போகிற பெண்கள்தான் பாதிக்கு மேல். அக்கா முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஹெச்.எம். சார் மேடையில் செல் என்றால் என்ன, புகை என்றால் என்ன என்று அழகாக விளக்கிக்கொண்டிருந்தார். என் உதாரணம்தான். என் முகம் மட்டும்தான் இல்லை.

அக்கா எழுந்தாள். மேடைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்று, மப்ளரைக் கழற்றினாள்.

ஹெச்.எம். சார், "வாங்கம்மா, உக்காருங்க" என்றார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பேசினாள். எச்சிலும் காற்றும்தான் வந்தன. பின்னாலிருந்து யாரோ, என்ன சொல்றாங்க என்றார்கள். எடுத்துச் சொல்லலாம் என்று நான் எழுந்தேன். அவள் என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். திரும்பவும் சொன்னாள். துண்டால் வாயை ஒற்றிக்கொண்டு மூன்றாவது தடவையும் சொன்னாள். இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெண்ணுக்கு விளங்கிவிட்டது. அவள் பின்பக்கம் திரும்பி, "இதத்தான் குடிச்சாங்களாம். டாக்டர்ட்ட போகாம இதத்தான் குடிச்சாங்களாம்" என்றாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போயிற்று.

ஹெச்.எம். சார் மைக்கில், அந்த அம்மா தாமதமாக ஆரம்பித்தவர், எல்லோருக்கும் அப்படி ஆகாது என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். பிறகு டீ குடித்துவிட்டுத் தொடரலாம் என்று இறங்கிவிட்டார். பெரிய வெற்றியெல்லாம் இல்லை. டீ குடித்துவிட்டு வந்து பாட்டில் வாங்கியவர்களையும் என் கண்ணால் பார்த்தேன். அக்கா முகத்தைப் பார்த்த பிறகும் வாங்கினார்கள். அதற்கு என்ன சொல்வது?

ஆனால் சில பெண்கள் டீ குடிக்கப் போகவில்லை. அக்காவைச் சுற்றி நின்றார்கள். ஒருத்தி, எனக்கும் உள்ள வெள்ளையாக் கெடக்கு, பாக்குறீங்களா என்று கேட்டாள். அக்கா என் பக்கம் கையைக் காட்டினாள். நான் பல் டாக்டர் இல்லை என்றேன். பரவால்ல பாருங்க என்று வாயைத் திறந்துவிட்டாள்.

போனில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். அவளுக்கு வெறும் கறைதான். அடுத்தவளுக்குக் கன்னத்தின் உட்புறம் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. இந்த வாரமே மதுரைக்குப் போ என்றேன். போகும் இடத்தையும் கேட்க வேண்டியதையும் செல்வி சொல்லிக்கொடுத்தாள். எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டால், யாருக்குத் தெரியும் என்றார்கள். இதற்கு முன் யாராவது உங்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டேன். ஒருவரும் பார்த்ததில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஊசி போட்டிருக்கிறார்கள், பாட்டில் விற்றிருக்கிறார்கள். வாயைத் திற என்று ஒருவரும் சொன்னதில்லை. அறுத்தெடுத்து ஐஸில் போட்ட பிறகு அந்தத் திசுவில் எந்த நொதி எவ்வளவு என்று துல்லியமாக அளக்க நான் இருக்கிறேன். அறுப்பதற்கு முன்னால் ஒரு விளக்கைப் பிடித்துப் பார்க்க ஆளில்லை.

கடைசியாக வந்தவள் நாற்பதுகூட ஆகாதவள். வாயைத் திறப்பதற்கு முன் திரும்பிக்கொண்டு, கன்னத்தில் ஒதுக்கியிருந்த புகையிலையை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். பார்த்தேன். அவளுக்கும் திட்டு இருந்தது.

"இருக்குதாங்க?"

"இருக்கும்மா. சின்னதாத்தான் இருக்கு. வெரசாப் போய்க் காட்டிட்டா எடுத்துடலாம்."

அவள் தலையாட்டினாள். மூடிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். வாய்க்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, அலங்கரித்த மண்டபத்தில் கீழே போடவும் கூச்சம். அக்கா அவள் முன்னால் போய்த் தன் வெறுங்கையை விரித்து நீட்டினாள்.